பூ விலைப் பட்டியல்: ஜிப் போட்டால் கடைசிப் பூ காணாமல் போவது ஏன்

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பட்டியலில் 7 பெயர், 6 விலை. பெயர் லிஸ்டையும் விலை லிஸ்டையும் வரிசையாக ஜோடி சேர்க்க ஜிப் (zip) போட்டால் கடைசியில் இருக்கும் சம்பங்கி வரவில்லை, எரரும் இல்லை என்கிறீர்கள். பைத்தானின் ஜிப் அப்படித்தான். குட்டையான லிஸ்ட் தீர்ந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஆனால் சம்பங்கி போனதைவிடப் பெரிய தப்பு மேலே இருக்கிறது. உங்கள் அவுட்புட்டில் பிச்சிக்கு நேராக முல்லையின் விலை நிற்கிறது, பாருங்கள். பிச்சிக்கு விலை எழுதாமல் விட்ட காலி வரியை, ஃபைலைப் படிக்கும்போதே வடிகட்டிவிட்டீர்கள். அதற்குக் கீழே உள்ள விலை எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. வடிகட்டுவதை ஜிப்புக்குப் பிறகு வையுங்கள்: காலி வரியைக் காலி ஸ்ட்ரிங்காகவே விட்டு, ஜோடி சேர்த்தபின், விலை இல்லாத ஜோடியை நீக்குங்கள்.

கூடவே ஜிப்புக்குள் கடைசியாக ஸ்ட்ரிக்ட்=ட்ரூ (strict=True) சேருங்கள் (பைத்தான் 3.10 முதல் உண்டு). நீளம் பொருந்தாவிட்டால் வேல்யூஎரர் வரும்; ஜிப்பைக் கூப்பிடும்போது அல்ல, லூப் ஓடி முடியும் இடத்தில். அது நீளத்தை மட்டுமே பார்க்கும். இரண்டு லிஸ்டிலும் வெவ்வேறு இடத்தில் ஒவ்வொன்று விட்டுப்போனால் கண்டுபிடிக்காது.

நீளமான லிஸ்ட் தீரும்வரை ஓடும் ஜிப்_லாங்கஸ்ட் (zip_longest) இங்கே வேண்டவே வேண்டாம். காலியை அது கடைசியில்தான் நிரப்பும். சம்பங்கி திரும்பி வரும், பிச்சியின் தப்பு விலை அப்படியே இருக்கும்.

அதே ஜிப்பை இரண்டாவது ஃபார் லூப்பில் ஓட்டினால் ஒன்றுமே வரவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்; அதற்குக் காரணம் வேறு. ஜிப் தருவது ஒருமுறை மட்டுமே ஓடும் இட்டரேட்டர். முதல் லூப்பில் ஒவ்வொரு ஜோடியாகப் பிரிண்ட் செய்து பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது. முதலிலேயே லிஸ்டாக மாற்றி ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.