செம்பரம்பாக்கமும் முடிச்சூரும்

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் வேலை. அம்மா அப்பா சென்னைத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில், தரைத்தள வீட்டில் இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. விடிய விடிய யூடியூபில் செய்தி நேரலை ஓடும். ‘செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது’ என்றால் நெஞ்சு படபடக்கிறது. செய்தியே பார்க்காதீர்கள் என்கிறாள் மனைவி. பார்க்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

கே., ஷார்ஜா

அன்புள்ள கே.,

செம்பரம்பாக்கத்துக்காக நீங்கள் கண்விழிக்க வேண்டியதே இல்லை. அதன் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கும் மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரும், தாம்பரம் வட்டாரத்தில் கொட்டும் மழையும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பெய்தது. ஆனால் ஷட்டரும் நுரைத்து வரும் தண்ணீரும் கேமராவுக்கு வாகாக இருப்பது செம்பரம்பாக்கத்தில்தான். ஆதனூர் கரையில் யார் மைக் பிடிப்பார்கள்? இரவெல்லாம் விழித்தும் உங்களுக்கு வேண்டிய சேதி வந்து சேரவில்லை.

அதற்காக மனைவி சொல்வது போல முழுக்க விட்டுவிடவும் முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரி செய்தி உயிர் போகிற விஷயம். ஆனால் அது போய்ச் சேர வேண்டியது கரையோர வீடுகளுக்கு, ஷார்ஜாவுக்கு அல்ல.

புயல் உருவான பின் வானிலை மையம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும். இடையில் டிவியில் ஓடுவது பெரும்பாலும் அதே அறிக்கைதான், பின்னணி இசையோடு. அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் அதிகனமழை’ என்றிருக்கும். 20.4 செ.மீ.க்கு மேல், அதுவும் அதிகபட்சம் கால்வாசி இடங்களில் என்று பொருள். டிவி பட்டையில் ‘ஓரிரு’ காணாமல் போய், மாவட்டமே மூழ்குவதுபோல் ஆகிவிடும். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஓர் ஆய்வில், தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் அதிகமாக இருந்தது. உங்கள் படபடப்பும் இந்த வகைதான்.

செய்தி ஆப்களின் அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள். சென்னை வானிலை மைய அறிக்கையை மதியம் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, அவர்களுடைய தளத்திலேயே படியுங்கள். யூடியூபர் விளக்கம் வேண்டாம்.

மிச்ச வேலை அப்பாவோடு, மழை வரும் முன்பே. எந்த அளவில் வீட்டைவிட்டுக் கிளம்புவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தெருத்தண்ணீர் கேட்டின் முதல் படியைத் தொட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உறவினர் வீட்டுக்கு, அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே. பெரியவர்கள் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று இருட்டும்வரை உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பத்து நாளுக்கான பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுப் பத்திரமும் ஒரே பையில் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077 மாதிரி குறுஎண்கள் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது. மாடிவீட்டுக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள்; வெள்ளத்தில் முதலில் சார்ஜ் தீர்வது அப்பாவின் போனாகத்தான் இருக்கும்.