நுகத்தடிக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

கேள்வி: அக்கா, குறிஞ்சிப்பாடி பக்கம் எங்க ஊரு. தாத்தா காலத்து மாட்டுக்கொட்டாய்ல கிடக்கற ஏரு, நுகத்தடி, மாடு பூட்டி கிணத்துத் தண்ணி இறைக்கற கவலை சாலு, நெல்லு அளக்கற மரக்கா, திருகை எல்லாத்தையும் வெச்சு குடும்பமா சின்னதா ஒரு மியூசியம் போடலாம்னு இருக்கோம். அண்ணன் எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிச்சு செல்ஃபி எடுக்கற மாதிரி பண்ணணும்ங்கறான். அப்பாவுக்கு 78 வயசு, "இந்தக் குப்பையப் பாக்க எவன்டா வரப்போறான்"னு திட்றாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: தம்பி, முதல்ல அண்ணன் கையில இருக்கற பிரஷ்ஷ வாங்கி ஒளிச்சு வெச்சிடுங்க. நுகத்தடில மாட்டுக் கழுத்து உரசி உரசி வழவழன்னு பள்ளமா தேஞ்சிருக்கும் பாருங்க, அதப் பாக்கத்தான் ஆளு வரும், அது மேல பளபளன்னு பூசிட்டா பர்னிச்சர் கடை சாமான் மாதிரி ஆயிடும். சொல்றேன்னு நெனைக்காதீங்க, நானே ஒரு கொலுவுக்கு எங்கம்மாவோட மரப்படிக்கு கோல்டு பெயிண்ட் அடிச்சவதான், நெல்லு தலை தட்டித் தட்டி விளிம்பு தேஞ்சிருந்தது அதோட மறைஞ்சு போச்சு, அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தப் படிய அப்புறம் அவங்க தொடவேயில்ல.

மரத்துக்கு கீழ மாவு மாதிரி பொடி கொட்டிக் கிடந்தா பூச்சி துளைக்குதுன்னு அர்த்தம், அத மட்டும் தனியா பிரிச்சு வைங்க. எதையும் தரையில போடாம செங்கல் மேல ஏத்திடுங்க, கரையான் சுலபமா ஏறாது. இரும்புக்கு துருவத் தேச்சுட்டு லேசா மெஷின் ஆயில் போதும்.

உங்க அப்பா விஷயத்துக்கு வருவோம். அவரக் கூப்பிட்டு உக்கார வெச்சு "சொல்லுப்பா, ரெக்கார்ட் பண்றோம்"னா வாயே தொறக்க மாட்டாரு. அவர் கண்ணு முன்னாடி கவலைக் கயித்த வேணும்னே தப்பா மாட்டுங்க. "டேய் அப்படியில்லடா"ன்னு எழுந்து வருவாரு பாருங்க, அப்ப போன ஆன் பண்ணுங்க. மாடு பின்னாடியே மேட்டுக்கு ஏறினா சாலு கிணத்துல இறங்கும், சரிவுல முன்னாடி இழுத்தா மேல வரும், அப்ப ஓட்றவரு கயித்து மேலயே உக்காந்துக்குவாரு, இதெல்லாம் எந்த போர்டுல எழுதினாலும் புரியாது, அவர் உடம்பால காட்டணும். தண்ணி இறைக்கறப்ப பாடற ஏத்தப்பாட்டு தெரிஞ்ச கிழவர் ஊர்ல யாராச்சும் இருந்தா இந்த வாரமே போங்க, எத்தன சாலு இறைச்சாங்கன்ற கணக்கு அந்தப் பாட்டுக்குள்ளயே வரும்.

பேரு எழுதறப்ப உங்க ஊர் வாய்ல வர்றதயே எழுதுங்க. மல்லாட்டைய வேர்க்கடலைன்னு மாத்தி எழுதிடாதீங்க, கோவம் வரும் எனக்கு. மரக்காவ கண்ணாடிக்குள்ள பூட்டாதீங்க, பக்கத்துல ஒரு மூட்ட நெல்லு வைங்க, வர்ற புள்ளைங்களே அளக்கட்டும், 12 மரக்கா ஒரு கலம்னு தானா தெரிஞ்சுக்கும். 1956ல கிலோ, லிட்டர் கணக்குக்கு சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊரு அளவே மாறும்ங்கறதால, உங்க மரக்கா எத்தன லிட்டர் புடிக்குதுன்னு ஒரு தடவ அளந்து எழுதி வைங்க.

பரண்ல ஓலைச்சுவடி கிடைச்சா தண்ணி தொட்டுத் தொடைக்காம பாண்டி பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட்ல காட்டிக் கேளுங்க, அங்க ஆயிரக்கணக்குல சுவடி வெச்சுப் பாதுகாக்கறாங்க. 100 வருஷம் தாண்டின சாமி சிலை எதாச்சும் இருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு பண்ணியாகணும், அதுல விளையாடாதீங்க.

அண்ணனுக்கு செல்ஃபி வேணும்னா கொட்டாய் வாசல்ல ஒரு வண்டிச் சக்கரத்த நிறுத்திக் குடுங்க, அதுக்கு மட்டும் என்ன வேணா அடிச்சுக்கட்டும்.