அதிகாரி மறுத்தால் ஆவணம் கிடைக்காதா?

கேள்வி: தகுதிகாண் பருவத்திலேயே என்னை அரசு வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டிருக்கிறேன். மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய அறிக்கைகளை நீதிமன்றம் மூலம் கேட்டதற்கு, 'பொது நலன் கருதித் தர இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. இத்தோடு முடிந்ததா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடியவில்லை. அந்த ஒரு வரி துறையின் கோரிக்கைதான். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1939-ல் 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அதைக் கட்டிய நிறுவனத்தின் மீது குடும்பத்தினர் வழக்குத் தொடுத்து, கப்பலின் வரைபடங்களைக் கேட்டார்கள். அமைச்சர் மறுத்தார். அமைச்சர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று 1942-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. போர்க்காலம் என்றாலும், கணவனைப் பறிகொடுத்தவர்களுக்கு அது பெரும் கொடுமை.

அந்த நிலையை மாற்றியது, பிரிட்டனிலேயே நடந்த, கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு. தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு காவலர்மீது டார்ச் லைட் திருடியதாக வழக்கு, விடுதலையானார். பிறகு தன் மேலதிகாரிமீது அவர் வழக்குப் போட்டு, தன்னைப் பற்றிய அறிக்கைகளைக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆட்சேபித்தார். 1968-ல் நீதிபதிகள் தாங்களே அவற்றை வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். வெளியே வந்தால் கெடுதல் எதுவும் இல்லை என்று கண்டு, கொடுக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டில் 1872 சாட்சியச் சட்டத்தின் 123-வது பிரிவு இதைப் பற்றியது. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 129. இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்து ராஜ் நாராயண் போட்ட வழக்கில், பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகம்' கேட்கப்பட்டது. துறையின் விளக்கம் போதவில்லை என்றால் நீதிபதி ஆவணத்தைத் தனியாகப் பார்க்கலாம் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உங்கள் வக்கீலிடம் முதலில் கேட்கச் சொல்ல வேண்டியது, துறைத் தலைவர் அல்லது அமைச்சரின் அபிடவிட். ஒவ்வொரு ஆவணத்தையும் படித்துப் பார்த்ததாகவும், வெளியிட்டால் என்ன கேடு என்றும் அதில் இருக்க வேண்டும். அபிடவிட் தாமதமானால் ஜெயித்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். தாமதமாக வந்ததையும் 1975 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நீதிபதியே படித்துப் பார்க்க வேண்டும் என்று தனியாக மனுப் போடுங்கள். எந்த அறிக்கை, யார் எழுதியது, ஏறத்தாழ எந்த மாதம், அது இல்லாமல் உங்கள் தரப்பில் எது நிரூபிக்க முடியாமல் போகும் என்று துல்லியமாக எழுதுங்கள். 'கோப்பு முழுவதும்' என்று கேட்டால், ஏதோ கிடைக்குமா என்று துழாவுவதாகத்தான் தோன்றும். தகவல் கொடுத்தவரின் பெயரை மறைக்க வேண்டியிருந்தால், அந்த வரிகளை மட்டும் கறுப்படித்துத் தரக் கேளுங்கள். உளவாளியின் பெயர், ராணுவத் திட்டம் போன்றவற்றை மறைப்பதில் நியாயம் உண்டு. உங்கள் வேலைத்திறன் பற்றிய குறிப்புக்கு அந்த நியாயம் பொருந்துமா என்று துறைதான் விளக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களுக்குக் காட்டாமல், சீலிட்ட கவரில் நீதிபதியிடம் கொடுத்து, அதை வைத்தே வாதாடத் துறை முயலலாம். மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பொது நலன் கருதி ஓர் ஆவணம் விலக்கப்பட்டால், அதை இரு தரப்புமே பயன்படுத்த முடியாது. கவர் கொடுக்கப்பட்டால் அன்றைக்கே ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.