ஒரு பழைய ஆங்கிலேய நகரத்தின் தெருக்கள் நூறு வருடத்தில் எவ்வளவு மாறியிருக்கும்?

மூன்று வருடம் வட இங்கிலாந்தின் யார்க்கில் குடியிருந்தவன் என்பதால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

பழைய தபால் அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஷாம்பிள்ஸ் தெருவில் போய் நின்றால் எதுவுமே மாறவில்லை என்றுதான் தோன்றும். மரச்சட்ட வீடுகளின் மாடிகள் இரண்டு பக்கமும் தெருவுக்கு மேல் துருத்திக்கொண்டு, எதிர்வீட்டோடு முட்டிவிடுமோ என்கிற மாதிரி அப்படியே நிற்கின்றன. ஆனால் அது கசாப்புக்காரர்கள் தெரு. 1872இல் 25 கறிக்கடைகள் இருந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. கறி மாட்டிய இரும்புக் கொக்கிகள் சில கடைகளின் முகப்பில் இன்னும் இருக்கின்றன. ஜன்னலுக்குக் கீழே கறியைப் பரப்பி வைத்த அகலப் பலகையும் இருக்கிறது. நடைபாதை இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் தெரு பள்ளமாக இருப்பதுகூட ரத்தத்தைக் கழுவி விடுவதற்குத்தான். இப்போது அந்தப் பள்ளத்தில் நின்றுதான் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். ஹாரி பாட்டர் மந்திரக்கோல் விற்கும் கடைகள் வேறு வந்துவிட்டன, இத்தனைக்கும் அந்தப் படங்களில் ஒரு காட்சிகூட இந்தத் தெருவில் எடுக்கப்படவில்லை!

என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் வண்டிகளில்தான். 1910இல் வந்த மின்சார டிராம் 1935இல் நின்றுபோனது, அப்புறம் கார்களும் பஸ்களும் ஊரை நிறைத்துவிட்டன. மின்ஸ்டர் பேராலயத்தின் தெற்கு வாசலை ஒட்டிய டீன்கேட் தெருவில், 1980களின் கடைசி வரை பஸ்ஸும் லாரியும் ஓடின என்றால் இன்று நம்ப முடியாது. இப்போது அங்கே ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சிலை இருக்கிறது (306இல் அவரைப் பேரரசராக அறிவித்தது இந்த ஊரில்தான்), நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாட்டை முடிப்பேன்.

கோட்டைச் சுவரை ஒட்டியே ஒரு பெரிய வட்டச்சாலை போடவும் திட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்ததில் 1970களில் அது கைவிடப்பட்டது. ஆக, நீங்கள் பார்த்து வியக்கிற அந்த 'இடைக்கால' அமைதி, உண்மையில் கடந்த ஐம்பது சொச்சம் வருடத்தில் சண்டை போட்டு வாங்கியது.

அதற்கு விலையும் உண்டு. ஸ்டோன்கேட் தெருவில் நகைக்கடை, டீக்கடை எல்லாம் இருக்கிறது, சுவரில் அடிக்க நாலு ஆணி வேண்டுமென்றால் வேறு தெருவைத் தேடிப் போக வேண்டும். வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், பழைய பரபரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் காலை பத்தரைக்கு முன்னால் போங்கள். அதற்குப் பிறகு தெருக்களுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் சரக்கு வண்டிகள் எல்லாம் அதற்கு முன்னால்தான் முண்டியடிக்கும். பீர் பீப்பாய்கள் கல்தரையில் தடதடவென்று உருளும், வேனுக்கு வழிவிட நீங்கள் ஏதாவது ஒரு கடைவாசலில் ஒண்டி நிற்க வேண்டியிருக்கும்.