தம்பிகள் இருக்க, இயேசு தம் தாய் மரியாளைச் சீடனிடம் ஏன் ஒப்படைத்தார்?

காரணத்தை யோவான் சுவிசேஷம் சொல்லவில்லை. அதன் 19:26-27-இல் இருப்பது, சிலுவையிலிருந்து இயேசு அந்தச் சீடனிடம் சொன்ன "அதோ, உன் தாய்" என்ற சொல்லும், அந்நேரமுதல் அந்தச் சீடன் மரியாளைத் தன்னிடம் ஏற்றுக்கொண்டான் என்பதும்தான். எனவே "தம்பிகள் நாலு பேர் இருக்கும்போது ஏன் வெளியாள்?" என்ற உங்கள் கேள்விக்கு ஊகமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

எனக்குச் சரியென்று படுவது இது: அப்போது சகோதரர்கள் இயேசுவை நம்பவில்லை (7:5). சிலுவையருகே அவர்கள் நின்றதாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. அந்தச் சீடன் நின்றான். சாகும் நேரத்தில் கண்ணெதிரே நிற்பவரிடம்தானே பொறுப்பைக் கொடுக்க முடியும்?

யோவான் 7:1-5, 19:25-27, அப்புறம் அப்போஸ்தலர் 1:14, இந்த வரிசையில் படித்துப் பாருங்கள். கடைசி வசனத்தில் மரியாளும் சகோதரர்களும் ஒன்றாக ஜெபிக்கிறார்கள். ஆக, குடும்பத்தோடு உறவு முறிந்துபோனது என்று இதை வைத்து வாதிடாதீர்கள்.

இன்னொன்று. மாற்கு 6:3 சொல்லும் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகியோர் மரியாள் பெற்ற பிள்ளைகள் என்பதைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை. நெருங்கிய உறவினர் என்பார்கள். யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்பது கிழக்குத் திருச்சபைகளின் மரபு. அப்படிப் பார்த்தால் உங்கள் கேள்வியே எழாது. அந்தச் சீடன் யோவான்தான் என்பதும் மரபுதான். அந்த இடத்தில் பெயர் இல்லை.