தூக்கிப் போடுவது எல்லாம் வலிப்பு அல்ல

கேள்வி: என் மகனுக்கு 40 நாள் ஆகிறது. பாயில் கிடத்தினாலும், குக்கர் விசில் அடித்தாலும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுகிறான், அப்புறம் அழுகிறான். பயந்துவிட்டான், மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார் மாமியார். எனக்கோ வலிப்போ என்று பயம். - வாசகி, உசிலம்பட்டி

பதில்: நம் பக்கம் திடுக்கிட்டாலும் ‘தூக்கிப் போடுது’, வலிப்பு வந்தாலும் ‘தூக்கிப் போடுது’தான். குழப்பமே அங்கேதான். நீங்கள் சொல்வது மோரோ அனிச்சைச் செயல். 1918-ல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் விவரித்தது. இந்த வயதில் இது இல்லாவிட்டால்தான் நாங்கள் கவலைப்படுவோம்.

அடுத்த முறை கிடத்தும்போது கவனியுங்கள். தலை சற்றுப் பின்னால் சரிந்ததும் கைகள் விரியும், விரல்கள் விசிறியாகத் திறக்கும். பிறகு எதையோ கட்டிப்பிடிக்க வருவதுபோல இரு கைகளும் மார்புக்கு வரும். இரண்டும் ஒரே அளவு எழ வேண்டும். ஒரு கை மட்டும் கிடந்தால், பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கலாம், தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம், உடனே காட்டுங்கள். சோதிக்கிறேன் என்று தலையைத் தொப்பென்று விடாதீர்கள். முதலில் பிட்டம், கடைசியில் தலை என்று இறக்கி, மார்பில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தால் திடுக்கிடுவது குறையும்.

வலிப்போ, சத்தமோ அசைவோ தூண்டாமலும் தானாக வரும். கையை மெதுவாகப் பிடித்தாலும் துடிப்பு நிற்காது. கண் ஒரு பக்கம் செருகலாம், உதடு நீலமாகலாம். அப்படியென்றால் தாமதிக்காமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ கொண்டு போங்கள்.

மூளையின் மேற்பகுதி முதிர முதிர மோரோ அடங்கி, 6 மாதத்துக்குள் மறையும். குறைமாதப் பிள்ளைக்குப் பிரசவத் தேதி குறித்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். அதன் பிறகும் நீடித்தால் மூளை வளர்ச்சியைப் பரிசோதிக்க வேண்டும். கையில் வைத்த விரலை இறுகப் பற்றுவதும் ஏறக்குறைய அப்போதே போகும். போனால்தான் கிலுகிலுப்பையைத் தானாக எடுக்கவும் விடவும் பழகுவான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 3 மாதத்துக்கு மேல், தூங்கி எழும்போது தலை கவிழ்ந்து உடம்பு குறுகுவது சில நொடி இடைவெளியில் வரிசையாக வந்தால், அது மோரோ அல்ல. இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். வயிற்று வலி என்று விட்டுவிடுகிறார்கள்; நாள் தள்ளினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். செல்போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே காட்டுங்கள்.

6 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது இரண்டு கையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் ஆசைக்குக் கயிறு கட்டுவதானால் கழுத்தில் வேண்டாம், இறுக்கிவிடும். கையிலும் வேண்டாம், வாயில் வைப்பான். அரைஞாண் கயிறோடு நிற்கட்டும். அதையும் பிள்ளை வளர வளரத் தளர்த்திவிடுங்கள்.