விசிட்டிங் கார்டுல லோகோ நீலம் ஊதாவா வருது: பதில்

லோகோவோட நீலத்துல மெஜந்தாவ (பிரிண்ட்ல போற கருஞ்சிவப்பு மை) குறைங்க, ஊதா போயிடும். ஸ்கிரீன்ல பளிச்னு நீலமா இருந்த லோகோ கார்டுல கத்திரிப்பூ கலர்ல வந்திருக்குன்னா, பெரும்பாலும் ஃபைல் ஆர்ஜிபில (ஸ்கிரீனுக்கான சிவப்பு-பச்சை-நீல கலர் முறை) போயிருக்கும், பிரஸ்ல சிஎம்ஒய்கேவா (சயான்ங்கற பச்சை கலந்த நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை) மாறும்போது சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட சமமா விழுந்திருக்கும், ரெண்டும் நெருங்கினாலே ஊதா பக்கம் சாஞ்சுடும். மெஷின்காரர திட்டாதீங்க பாவம்.

ஃபைல சிஎம்ஒய்கேவுக்கு மாத்திட்டு நீலத்த கிளிக் பண்ணி நம்பர பாருங்க. சயான் 100 சதவீதம், மெஜந்தா 90 சதவீதம்னு இருந்தா அதான் வில்லன். மெஜந்தாவ 60க்கு இறக்குங்க, நடுவுல 30 பாயிண்டாவது இடைவெளி வேணும். மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி அதே கார்டு பேப்பர்ல ஒரு ப்ரூஃப் (மாதிரி பிரிண்ட்) வாங்கி பகல் வெளிச்சத்துல பாருங்க, ட்யூப்லைட் அடியில பாத்து ஓகே சொல்லிடாதீங்க.

ஆனா ஒண்ணு, ஸ்கிரீன்ல மின்னற அந்த நீலம் நாலு கலர் மையில வரவே வராது, கஸ்டமர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. இதே லோகோவ லெட்டர்ஹெட்லயும் போடறீங்கன்னா, அந்த பேப்பர்ல கோட்டிங் (வழவழப்பான மேல்பூச்சு) இல்லேன்னா மைய உறிஞ்சி இன்னும் மங்கலா தெரியும். கார்டும் லெட்டர்ஹெட்டும் ஒரே மாதிரி வேணும்னு பிடிவாதம் பிடிச்சா பான்டோன்ல (நம்பர் போட்டு முன்கூட்டியே கலந்த கலர் மை) தனி மை போடணும், செலவு கூடும், அதுக்கும் கோட்டிங் உள்ள பேப்பர், இல்லாத பேப்பர் ரெண்டோட ஸ்வாட்ச்சையும் (கலர் மாதிரி) பாத்து எடுங்க.